பிளானில் கிழக்குக் கோடி

எண்பத்தொன்பதாம் ஆண்டு எங்கள் வீட்டில் விடிந்தால் பொழுதுபட்டால் ஒரே கதைதான்: தங்கச்சியின் வீடு. மாப்பிள்ளை பருத்தித்துறைப் பக்கம். நல்ல மனிதர்கள், ஆனால் ஒன்றில் மட்டும் பிடியாக நின்றார்கள். சீதன வீட்டின் பிளான் உள்ளூராட்சிச் சபையில் பாஸான பிறகுதான் எழுத்து. எழுத்து என்றால் எங்கள் பக்கத்தில் கல்யாணப் பதிவு. வெறும் வளவைக் காட்டி, இதில் வீடு வரும் என்று சொல்லி ஏமாற்றியவர்களும் ஊரில் இருந்தார்கள். ஆகவே அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்பா செத்து இரண்டு வருடம். வீட்டில் அம்மா, தங்கச்சி, நான் மூன்று பேரும்தான். நான் சுன்னாகத்துக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கிறவன் என்று பெயர். விண்ணப்பம்தானே, ஒரு கிழமையில் முடித்துவிடுகிறேன் என்று வாயை விட்டேன்.

காணி உறுதியின் பிரதி, சேர்வேயர் கீறிய காணிப் படம், ஊர் அதிகாரியான விதானையாரின் கடிதம், வரி கட்டிய துண்டு, வீட்டுப் படம் எல்லாவற்றையும் ஒரு கோவையில் கட்டிக்கொண்டு சபையின் அலுவலகக் கந்தோருக்குப் போனேன். கிளாக்கர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு கோவையை என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

“தம்பி, இது முழுசில்லை. வீடு எங்கை வருது எண்டு கிடக்கு. கிணறு எங்கை? கக்கூஸ் எங்கை? பக்கத்து வளவுக் கிணறு எங்கை?”

“வீடு கட்டத்தானே கேக்கிறம். பக்கத்து வளவுக் கிணறு என்னத்துக்கு?”

“உங்கடை கக்கூஸ் கிடங்குக்கும் ஆரின்ரை கிணத்துக்கும் ஐம்பது அடி இருக்கவேணும். கீறிக்கொண்டு வாரும்.”

கண்டறியாத சட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். ஆனால் பாதி வழியில் கோபம் ஆறிவிட்டது. எங்கள் மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணக்கல். ஒருவர் வளவில் ஊற்றுவது அடுத்தவர் வாளியில் வரும். கிளாக்கர் சொன்னது நியாயம்தான்.

படம் கீறுகிறவர் சுன்னாகத்திலிருந்து நாடாவோடு வந்தார். வாயாடி மனிதர். அளந்துகொண்டே கதைத்தார், கதைத்துக்கொண்டே அளந்தார். தங்கச்சியின் வீடு வரவிருந்த எங்கள் வளவு, முன்னால் போகிற சிறு தெருவான ஒழுங்கையிலிருந்து பின்னால் நீண்டு கிடந்தது. எங்கள் கிணறு நடுவில். பின்னால் இரண்டு மூலைகள். மேற்குக் கோடிக்கு அப்பால், வேலிக்கு அந்தப் பக்கம், பெரியப்பாவின் மாட்டுக் கிணறு கையெட்டும் தூரத்தில் இருந்தது. அங்கே கிடங்கு வெட்ட முடியாது. மனிதர் கிழக்குக் கோடிக்கு நடந்து போய், நாடாவைப் பிடித்து, காலால் மண்ணில் ஒரு வட்டம் போட்டார்.

“இதுதான் இடம்! எல்லாக் கிணத்துக்கும் எட்டம், வீட்டுக்கும் எட்டம். இதைவிட வாய்ப்பான இடம் உங்கடை வளவிலை இல்லை.”

அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா அப்படியே நின்றாள். பிறகு கோப்பையை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில்தான் அப்பாவை எரித்தோம்.

எண்பத்தேழு ஐப்பசி. இந்திய ஆமி யாழ்ப்பாணத்தைப் பிடிக்க இறங்கிய நேரம், வெளியே தலை காட்ட முடியாத ஊரடங்கு. அப்பாவுக்கு விடியப்புறம் நெஞ்சு நோ வந்தது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை, ஆனால் ஒழுங்கை முகப்பைத் தாண்ட வழியில்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சுடலை பெரிய றோட்டுக்கு அப்பால். அடுத்த நாளும் ஊரடங்கு எடுபடவில்லை. இனி வைத்திருக்க ஏலாது என்று தெரிந்தபோது, கிணறுகளுக்கும் வீட்டுக்கும் எட்டமான, தள்ளியிருக்கிற இடம் எது என்று பார்த்தோம். படம் கீறுகிறவர் நாடா பிடித்துக் கண்டுபிடித்ததை அன்றைக்கு நாங்கள் அழுத கண்ணோடு கண்டுபிடித்தோம்.

விறகு இல்லை. அப்போதுதான் பெரியப்பா வேலியைப் பிடுங்கினார்.

பெரியப்பா அம்மாவின் அக்காவைக் கட்டியவர். தாத்தா தன் வளவை இரண்டாகப் பிரித்து இரண்டு பெண்களுக்கும் சீதனமாகக் கொடுத்தார். அன்று தொடங்கிய வேலிச் சண்டை பெரியம்மா செத்தும், பிள்ளைகள் வெளிநாடு போயும் ஓயவில்லை. எங்கள் பக்கம் ஒரு சாண் தள்ளி வேலி அடைப்பார். அம்மா கத்துவாள். அடுத்த வருடம் அவர் கத்துவார். அப்படிப்பட்ட மனிதர், அன்றைக்குத் தன் பக்கத்துப் பனைமட்டை வேலியை முழுதாகப் பிடுங்கி இழுத்துவந்தார். போதாமல், தன் வீட்டுக் கூரைக்கென்று அடுக்கி வைத்திருந்த பனஞ்சிலாகைகளையும் தூக்கி வந்து அடுக்கினார். நான் கொள்ளி வைத்தேன். புகையைப் பார்த்து ஆமிக்காரர் வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. வழி திறந்த பிறகு சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தோம்.

நாடு கொஞ்சம் அடங்கியதும் பெரியப்பா வேலியைத் திரும்ப அடைத்தார். மறுபடி ஒரு சாண் எங்கள் பக்கம் தள்ளித்தான்! சகலனுக்குச் சிதை அடுக்கிய மனிதர் செய்கிற வேலையா இது? அம்மா அவரோடு கதைப்பதை அடியோடு விட்டுவிட்டாள்.

படம் கீறுகிறவர் போன பிறகு நான் அம்மாவிடம் போனேன்.

“சொல்லுவம் அம்மா. உள்ளதைச் சொல்லுவம்.”

“வாயைத் திறவாதை. வளவுக்குள்ளை சுடலை எண்டு மாப்பிள்ளை வீட்டுக்காறர் கேள்விப்பட்டால் இந்தக் கலியாணம் நடக்குமோ? இடம் பாக்க வாற பி.எச்.ஐ தன்ரை கடுதாசியிலை என்னத்தை எழுதுவாரோ?”

“அப்ப அப்பாவின்ரை இடத்திலை கக்கூஸ் கட்டுறதோ?”

நான் கதிரையை உதைத்தேன், கத்தினேன். குசினி வாசலில் நின்று கேட்ட தங்கச்சி, “எனக்கு வீடும் வேண்டாம், கலியாணமும் வேண்டாம் அண்ணை” என்று அழத் தொடங்கினாள். அவளுக்கு அப்போது இருபத்தைந்து. இரண்டு சம்பந்தம் தட்டிப் போயிருந்தது. இதையும் விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அன்று வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை.

சுகாதாரப் பரிசோதகர், ஊரார் வாயில் பி.எச்.ஐ, இடம் பார்க்க வந்தார். அவரும் அளந்தார். அவருக்கும் கிழக்குக் கோடி பிடித்துப்போயிற்று. “இதிலை ஒரு குறையும் இல்லை” என்று சொல்லிப் பேனையை எடுத்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நிலத்தைப் பார்த்தாள்.

“உந்த மூலை வேண்டாம்.”

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பெரியப்பாவின் குரல். மட்டைகளுக்கு மேலால் நரைத்த தலை தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்று கேட்டாரோ தெரியாது.

“இந்தப் பக்கத்து மூலையிலை வையுங்கோ” என்றார்.

“ஐயா, உங்கடை கிணறு கிட்டக் கிடக்கே!”

“அதை நான் தூர்க்கிறன்.”

“நல்ல தண்ணிக் கிணத்தையோ?”

“கிணறு என்ரை. தூர்க்கிறது என்ரை விருப்பம். எழுதித் தாறன், கையெழுத்தும் வைக்கிறன். வேறென்ன வேணும் உங்களுக்கு?”

எங்கள் ஊரில் கிணற்றில் ஒரு பங்குக்காகக் கோடு கச்சேரி என்று வழக்காடி அலைந்து தேய்ந்தவர்கள் உண்டு. கிணற்றை ஒருவர் தானாகத் தூர்த்தார் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. அதுவும் ஒரு சாண் வேலிக்கு உயிரை விடுகிற மனிதர்! பி.எச்.ஐ அவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ஏதோ விளங்கியிருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் நாடாவைச் சுருட்டிக்கொண்டு மேற்குக் கோடிக்கு நடந்தார்.

அடுத்த நாளே பெரியப்பா கல்லும் மண்ணும் தள்ளத் தொடங்கினார். நான் உதவிக்குப் போனேன்.

“நீ போய் உன்ரை பள்ளிக்கூட அலுவலைப் பார்” என்று துரத்தினார்.

“ஏன் பெரியப்பா இப்பிடிச் செய்யிறியள்?”

தள்ளுவண்டியை நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் வழக்கம்போல அதட்டல்தான்.

“கொப்பர் எரிஞ்ச இடத்திலை கக்கூஸைக் கட்டிப்போட்டு, நான் அதைப் பாத்துக்கொண்டு சோறு தின்னுறதோ? விசர்க் கேள்வி கேக்கிறாய்.”

அன்று பின்னேரம் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“தம்பி, மேற்கு எல்லையைப் பழைய கணக்குக்குக் கீற வேண்டாம். அத்தான் அடைச்ச வேலியிலேயே கோட்டைக் கீறச் சொல்லு.”

“ஒரு சாண் போகும் அம்மா.”

“போகட்டும்.”

எல்லைக்குப் பக்கத்து வளவுக்காரர் கையெழுத்து வேண்டும் என்று பெரியப்பாவிடம் படத்தைக் கொண்டுபோனேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். “கோடு பிழை எண்டு கொம்மாட்டைச் சொல்லு” என்றார். சொல்லிவிட்டுக் கையெழுத்தையும் வைத்தார். பொல்லாத மனுசன்!

இனி விண்ணப்பம் முழுசு என்று நம்பிப் போனால் கிளாக்கர் மறுபடி விரலை வைத்தார். கிழக்குக் கோடி ஒன்றும் எழுதாமல் கிடந்ததாம். பிளானில் ஓர் இடத்தையும் பெயரில்லாமல் விட ஏலாதாம். என்னோடு வந்திருந்த படம் கீறுகிறவர் அங்கேயே பேனையைத் திறந்து எழுதிக் கொடுத்தார்.

பாஸான பிளானை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னாள். விறாந்தை, சாமியறை, குசினி, கிணறு என்று வாசித்துக்கொண்டு வந்து, கடைசி மூலையில் நிறுத்திவிட்டேன்.

“அதிலை என்ன எழுதிக் கிடக்கு?”

“வெறுங்காணி எண்டு, அம்மா.”

அம்மா அந்த எழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். “வெறுங்காணியோ” என்றாள். சத்தமில்லாமல் அழுதாள். எனக்கும் தாங்கவில்லை, வெளியே போய்விட்டேன்.

எழுத்து நடந்தது. தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கிச் சீமெந்து இல்லாமல் போவதற்கு முன் கூரையும் ஏறிவிட்டது. தங்கச்சி அந்த வீட்டில் விளக்கேற்றிக் குடியிருந்தாள். அவளுடைய மூத்த பிள்ளை அங்கேதான் தவழ்ந்தது. மாப்பிள்ளை கிழக்குக் கோடியைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

தொண்ணூற்றிரண்டில் பெரியப்பா போய்விட்டார். படுத்த படுக்கையில், நோய் வருத்தத்தால்தான். பிள்ளைகளுக்கு அறிவிக்கவும் வழியில்லை. அன்றைக்குச் சுடலைப் பக்கம் விடாமல் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அயலார் நாலு பேர் அவர் முற்றத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

அம்மா வேலியடிக்குப் போனாள். மட்டைகளைத் தன் கையாலேயே பிடுங்கத் தொடங்கினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளையும் நின்றார்.

“அத்தானை இஞ்சாலை கொண்டு வாங்கோ” என்றாள். “கிழக்குக் கோடிக்கு. அங்கைதான் இவையின்ரை அப்பாவையும் எரிச்சனாங்கள்.”

மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார். உள்ளே போய், தன் வீட்டுக் கூரைக்குப் போட்டு மிஞ்சிய சிலாகைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் இல்லாத இடத்தில் நான் கொள்ளி வைத்தேன். இந்த முறை வாய்விட்டு அழுதேன்.

வேலியை நாங்கள் திரும்ப அடைக்கவில்லை. தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி எல்லாரும் ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்றும் அது திறந்துதான் கிடந்தது.