அழுகை அக்காவின் அப்பாடா

டப்பிங் ஸ்டுடியோக்களில் அவளை எல்லாரும் அழுகை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற குரல்காரிகள் கொஞ்சிப் பேசுவார்கள், குலுங்கச் சிரிப்பார்கள். பிணத்தின் மேல் விழுந்து கதறச் சொன்னால் மட்டும் பூனை தும்மியது போல ஏதோ வரும். உடனே அக்காவுக்கு ஆள் போகும். அவள் வந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ ஒருத்தியின் புருஷனுக்காக வயிறெரிய அழுதுவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். ஒரே நாளில் நாலைந்து புருஷன்மார் செத்த காலமெல்லாம் உண்டு.

அப்படி ஓய்வு ஒழிச்சல் இல்லாத ஒரு நாளில்தான் அந்த வினை நடந்தது. காலையில் ஒரு படம், மத்தியானம் ஒரு படம், மூன்றாவதாக இது. கதையில் ஒரு கொடுமைக்காரப் புருஷன். விஷம் வைத்தாலும் எழுந்துவிடுவான். மலையிலிருந்து தள்ளிவிட்டாலும் சட்டை கசங்காமல் எழுந்துவிடுவான். கடைசியில் கட்டிலில் படுத்து, ஊருக்கெல்லாம் அறிவுரை சொல்லி, ஒருவழியாகச் சாவான். மனைவி கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் நெஞ்சில் விழுந்து அழ வேண்டும். அக்கா தொண்டை கட்டும் வரை அழுதாள். அழுது முடித்ததும் மைக்கை விட்டு நகராமல் அப்படியே நாற்காலியில் சரிந்து, “அப்பாடா!” என்றாள். ஒலிப்பதிவாளர் இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. படத்தை முடிக்கிற அவசரத்தில் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

தியேட்டரில் கவனித்தார்கள். புருஷன் கண்ணை மூடியதும், குலுங்கிக் குலுங்கி அழுத மனைவியின் முதுகுப் பக்கத்திலிருந்து அத்தனை நிம்மதியாக ஓர் ‘அப்பாடா’ வந்தால் யார் சும்மா இருப்பார்கள்? சோகப் படம் ஊர் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. இயக்குநர் அவளை ஸ்டுடியோ வாசலில் நிற்க வைத்து வாய்க்கு வந்தபடி திட்டினார். படம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவளையும் கொஞ்ச காலம் யாரும் அழக் கூப்பிடவில்லை.

அந்தக் குப்பையைத்தான் இப்போதைய பிள்ளைகள் தோண்டி எடுத்துத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைக் காட்சி. சாகும் புருஷனைப் போலத் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், தலையணையோடு வருகிறார்கள், படம் ஓடும்போதே திரையோடு சேர்ந்து வசனம் பேசுகிறார்கள். இந்தத் தடவை படத்தை எடுத்தவர்களும் வருகிறார்கள், நீங்களும் வந்து உட்கார்ந்தால் போதும் என்று ஒரு பெண் போனில் அழைத்தாள். அக்கா முடியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். கட்டிலிலிருந்து அவள் கணவர் முந்திக்கொண்டார்.

“போயிட்டு வா. தங்கச்சியை வரச் சொல்றேன். மூணு மணி நேரம் நான் எங்கயும் ஓடிட மாட்டேன்.”

அவர் எங்கும் ஓட முடியாது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். மழைநாளில் கம்பத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது, அந்த நக்கலும்தான். அவரைக் கழுவுவது, துடைப்பது, புண் வராமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் போடுவது என்று வருஷக்கணக்கில் அவளுடைய பொழுது அந்த ஓர் அறைக்குள்ளேயே போனது. முகம் சுளித்ததில்லை. ஆனால் களைத்துவிட்டாள், எலும்பெல்லாம் களைத்துவிட்டாள்.

ஒரு நாள் அவருடைய விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தபோது, ‘இதெல்லாம் எப்போதுதான் முடியும்’ என்று மனத்துக்குள் ஒரு நினைப்பு ஓடியது. முடிவதென்றால் எப்படி முடியும்? அந்த நொடியில் அந்தப் படமும், கட்டிலும், தன் குரலில் அந்த ‘அப்பாடா’வும் ஞாபகத்துக்கு வந்தன. அவளுக்கு உடம்பே பதறிப்போயிற்று. அவர் போகும் நாளில் தன் வாயிலிருந்து முதலில் அதுதான் வந்துவிடுமோ என்ற பயம் அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து அந்த வார்த்தையை அவள் சொல்வதே இல்லை. மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பாள்.

அரங்க வாசலில் இயக்குநர் அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. திட்டியதெல்லாம் அவருக்கு மறந்தே போயிருந்தது.

“வாங்கக்கா! நீங்க இல்லாம இந்தப் படமே இல்ல. இன்னைக்கு உங்களுக்குத்தான் முக்கியமான வேலை. அந்த இடத்துல சத்தத்தை நிறுத்திடுவோம். நீங்க மேடையில மைக்கோட நின்னு நேரடியா சொல்றீங்க.”

“எதை சார்?”

“எதைன்னு கேக்குறீங்களே! அப்பாடாவைத்தான்.”

“அழச் சொன்னீங்கன்னா அழுறேன் சார். அது மட்டும் வேணாமே.”

“அழுகை யாருக்குக்கா வேணும்?” என்று சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கட்டிப்பிடிக்கப் போய்விட்டார்.

அரங்கம் நிறைந்து வழிந்தது. அவளுக்குப் பக்கத்து இருக்கையில் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்ட ஒரு கல்லூரிப் பெண். படம் தொடங்கும் முன்பு இயக்குநர் மேடை ஏறினார். அந்த ‘அப்பாடா’ தவறுதலாக வந்ததா என்று ஒரு பையன் கேட்டான்.

“தப்பா? காலங்காலமா அழுதுக்கிட்டே இருந்த ஒரு பொண்ணு விட்ட மொத மூச்சுப்பா அது! ராப்பகலா யோசிச்சு வச்சேன்.”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

விஷத்தைக் குடித்த புருஷன் எழுந்தபோது, “எந்திரிச்சுட்டான்யா!” என்று அரங்கமே கத்தியது. மலையிலிருந்து விழுந்தபோது தலையணைகள் பறந்தன. அத்தனை கூச்சலுக்கும் நடுவில் அக்கா தூங்கிப்போனாள். இருட்டு, மெத்தென்ற நாற்காலி, தண்ணீர் கேட்டுக் கூப்பிட யாரும் இல்லை. பாவம், அவள் என்னதான் செய்வாள்? பக்கத்துப் பெண்தான் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

“ஆன்ட்டி, உங்களை மேடைக்குக் கூப்பிடுறாங்க.”

மேடையில் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அங்கிருந்து பார்த்தபோது கட்டிலில் கிடந்தவன் மலை போல இருந்தான். ‘முதுகுக்கு ஒரு தலையணை அண்டக் கொடுக்காமல் போட்டிருக்கிறார்களே, இப்படிக் கிடந்தால் புண் வந்துவிடுமே’ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அவன் அறிவுரையை முடித்தான். கண்ணை மூடினான். மனைவி நெஞ்சில் விழுந்தாள். பல வருஷத்துக்கு முந்தைய அவளுடைய அழுகையே அரங்கம் முழுவதும் ஒலித்து, சட்டென்று நின்றது.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அக்கா வாயைத் திறந்தாள். கட்டிலில் கிடந்த முகம் வேறொரு முகமாகத் தெரிந்தது. இந்த நேரத்தில் வீட்டில் ஏதாவது ஆகி, இங்கே தான் இதைச் சொல்லித் தொலைத்தால்? மைக்கில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்து அரங்கம் மூச்சுவிடாமல் காத்திருந்தது. பின்வரிசையில் ஒருவனுக்குப் பொறுமை போய்விட்டது.

“அப்பாடா!”

அவ்வளவுதான். முன்வரிசை, பக்கவாட்டு, மாடி என்று அத்தனை பேரும் அவளுக்குப் பதிலாக அதை வாய் நிறையச் சொன்னார்கள். தலையணைகள் கூரைக்குப் பறந்தன. அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கினாள்.

“என்ன ஒரு மௌனம்க்கா!” என்று இயக்குநர் பின்னாலேயே ஓடி வந்தார். “அடுத்த தடவையும் இதையே வச்சுக்கலாம்.” அவள் தலையை ஆட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். வீடு வந்து சேரும் வரை அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

கதவைத் திறந்த நாத்தனார், “சாப்பிட்டாச்சு, மாத்திரை கொடுத்தாச்சு அண்ணி. நான் கிளம்பறேன்,” என்று பையை எடுத்துக்கொண்டு போனாள். கணவர் நன்றாகத்தான் இருந்தார். விழித்துக்கொண்டுதான் கிடந்தார்.

“கூட்டமா?”

“நல்ல கூட்டம். என்னையே மேடையில ஏத்தி, அதைச் சொல்லச் சொன்னாங்க.”

“சொன்னியா?”

“இல்ல. தொண்டை கட்டிக்கிச்சு.”

“என்கிட்டயே டப்பிங் பண்ணாத.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதது தானாக வெளியே வந்தது. “உங்களை இப்படி வச்சுக்கிட்டு அதை எப்படிங்க சொல்றது? எவ்வளவோ நாளா நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்ல. சொன்னா, உங்களுக்கு ஏதாவது ஆகணும்னு நான் காத்திருக்கிற மாதிரி ஆயிடும். எனக்குப் பயமா இருக்கு.”

அவர் சிரித்தார்.

“சொன்னதே இல்லைன்னு யார் சொன்னா? தினமும் சொல்ற.”

“நானா?”

“தூக்கத்துல. எல்லா வேலையும் முடிச்சுட்டு இங்க பக்கத்துல தரையில வந்து விழுவ. கண் அசந்ததும் ஒரு அப்பாடா. அதுக்கப்புறம்தான் குறட்டை. ஒரு நாள்கூடத் தவறினதில்ல.”

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “ஐயோ… நீங்க என்ன நினைச்சீங்களோ!”

“மொதல்ல ஒரு மாதிரிதான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.” அவர் குரல் தணிந்தது. “அப்புறம் பழகிடுச்சு. இப்போ அதைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது. இவ படுத்துட்டா, இனி இன்னைக்கு இவளுக்கு வேலை இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் கண்ணை மூடுவேன்.”

துணி மடிக்க வேண்டியிருந்தது, அவரைத் திருப்பிப் போடவும் நேரமாகியிருந்தது. ஆனால் அவள் வெளியே போய் வந்த உடுப்பைக்கூட மாற்றாமல், பட்டப்பகலில், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக் கண்ணை மூடினாள். அவர் காத்திருந்தார்.