சீனி படுத்திருந்த வாசல்

நாயைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அது என்ன தின்னும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எதற்குப் பயப்படும் என்று யாரும் சொல்வதில்லை. பெரியம்மா இரண்டையும் சொன்னாள். ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துத்தான் போட வேண்டும், காய்ந்ததைப் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இடி இடித்தால் விறகுக் கட்டுக்குப் பின்னால் போய் ஒளியும், அப்போது கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் இன்னும் நடுங்கும். மழை நாளில் கால்விரல் இடுக்கில் அட்டை ஏறியிருக்கும், பிடித்து இழுக்கக் கூடாது, உப்பு வைத்தால் தானாக விழும். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்டாமலே அஞ்சாம் வகுப்போடு நின்றுபோனவள் நான். பெரியம்மா சொன்னது மட்டும் ஒரே தடவையில் மனப்பாடமாகிவிட்டது. பயந்த பிள்ளைகளுக்கு அப்படித்தான். எதில் தப்பு நடக்கக்கூடுமோ அது மட்டும் மறக்காது.

கண்டிப் பக்கம் பன்விலைக்கு மேலே, தேயிலை மலையின் இடுப்பில் ஒட்டிவைத்தது போல எங்கள் தோட்டத்து லயம் இருந்தது. வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே நீளத் திண்ணையாக ஒரு இஸ்தோப்பு. ஒருத்தர் வாசல் எங்கே முடிகிறது, அடுத்தவர் வாசல் எங்கே தொடங்குகிறது என்பது கூட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். மண் தரை, சாணி போட்டு மெழுகுவோம். மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி கீழேயிருந்து ஏறி வரும். முதலில் தேயிலை ஸ்டோரின் தகரக் கூரை மறையும், அப்புறம் தண்ணீர்ப் பீலி, அப்புறம் எங்கள் முற்றத்துக் கொய்யா மரம். கடைசியில் லயம் மட்டும் எதிலும் ஒட்டாமல் மிதக்கும். இரைச்சல்கூட நனைந்து வருவது போலிருக்கும்.

அம்மாவின் கூடப் பிறந்த அக்காதான் பெரியம்மா. பக்கத்துக் காம்பரா அவளுடையது. சீனி அவளுடைய நாய். பழுப்பு நிறம், முன்னங்கால்கள் மட்டும் வெள்ளை. கூப்பன் கடையில் சீனியே கண்ணில் படாத காலம் அது. சாயங்காலமானால் பெரியம்மா முற்றத்தில் நின்று "சீனி, சீனி" என்று கூப்பிடுவாள். கீழ் லயத்திலிருந்து யாராவது ஒருத்தி, "எந்தக் கடையிலக்கா குடுக்குறாங்க, எங்களுக்கும் சொல்லுங்க" என்று கத்துவாள். தினமும் அதே பகடி. தினமும் சிரிப்பார்கள்.

அப்புறம் குடியுரிமைக் கடுதாசியில் பெரியப்பாவுக்கு இந்தியா என்று வந்தது. அப்பாவுக்கு இங்கேயே என்று வந்தது. ஒரே லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் இன்னொரு நாடு என்று யார் பிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சுவர் கூரையைத் தொடாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மா "நூறு ஆயுசு" என்பாள்.

போகிறவர்கள் சாமான்களைப் பங்கு வைத்துவிட்டுப் போவது வழக்கம். அம்மி ஒரு வீட்டுக்கு, கோழி ஒரு வீட்டுக்கு, கொழுந்துக் கூடை தோட்ட வேலைக்குப் புதிதாகப் பேர் பதிந்த பிள்ளைக்கு. பெரியம்மா தன் பித்தளைக் குடத்தை அம்மாவிடம் நீட்டியபோது அம்மா வாங்கவில்லை. "எங்கிட்ட கொடம் இருக்கு" என்றாள். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் ஏதோ சண்டை என்று நான் முடிவு செய்துகொண்டேன். சண்டை என்றால் எனக்குப் பயம். அதனால் நான் எதையும் கேட்கவில்லை. நாயின் கயிற்றைப் பெரியம்மா என் கையில்தான் கொடுத்தாள்.

"பாத்துக்க தாயி. அது பாவம், வாயில்லாதது" என்றாள்.

லொறி வந்த அன்று அம்மா வழக்கம் போல மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். கொழுந்து அதிகமாம். பெரியம்மா காலையில் எழுந்து, அடுத்து வரப்போகிறவர்கள் குறை சொல்லக் கூடாது என்று காம்பராவையும் இஸ்தோப்பையும் மெழுகிவிட்டாள். அது காய்வதற்குள் லொறி ஹோர்ன் அடித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவசரமாக வெளியே வந்ததில் வாசல்படிக்குப் பக்கத்தில் அவள் வலது கால் பதிந்துவிட்டது. குதிகால், பெருவிரல், எல்லாம் தெளிவாக. கண்டியில் போய் ரயில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி என்று பெரியப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். லொறி பனிக்குள் போயிற்று. சீனி ஸ்டோர் வளைவு வரைக்கும் பின்னாலேயே ஓடியது. நான் கயிற்றை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியாது. திரும்பி வந்தபோது அது என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால், அந்தக் கால் தடத்தின் மேல் மூக்கை வைத்துப் படுத்துவிட்டது.

அன்றிலிருந்து நான் நாய்க்காரியானேன். விடிந்ததும் என் ரொட்டியில் பாதியைத் தேத்தண்ணியில் ஊறவைப்பேன். சீனி வந்து தின்னும், தட்டை நக்கும், அந்த வாசலுக்கே திரும்பிப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பீலிக்குக் கொண்டுபோய் சன்லைட் போட்டுக் குளிப்பாட்டுவேன். அது உதறுகிற தண்ணீரில் நானும் குளித்துவிடுவேன். பிறகு அது ஈரத்தோடு அந்த வாசலுக்குப் போகும். விரல் இடுக்கில் உப்பு வைத்துவிட்டு அட்டை விழும் வரை காலைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அந்த நேரம் மட்டும் என் முகத்தைப் பார்க்கும். நடுவில் ஒரு நாள் அது தின்னாவிட்டால் செத்துப்போகும் என்று அழுவேன். தின்றுவிட்டால், இவ்வளவு வேகமாகத் தின்கிறதே, ஏதாவது நோயோ என்று பயப்படுவேன். அம்மா பார்த்துக்கொண்டேயிருந்துவிட்டு, "நீ நாயெ வளக்குறியா, நாய் ஒன்னைய வளக்குதா?" என்பாள். மற்றபடி சீனியை அவள் தொட்டதில்லை. ஒரு துண்டு ரொட்டி போட்டதில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். அம்மா தினமும் இஸ்தோப்பைக் கூட்டுவாள், பெரியம்மா வாசல் தொடங்குகிற இடத்தில் நிறுத்திவிடுவாள். கோடு போட்டது போல. அந்தப் பக்கம் சருகும் தூசியும் சேர்ந்துகொண்டே இருந்தது. சீனி படுத்துப் படுத்து, கால் தடம் இருந்த இடத்தில் மட்டும் குப்பை அண்டவில்லை. கடைசிக் காம்பரா அத்தை ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"ஏன்டி, ஊருக்குப் போனவங்க போய்ச் சேர்ற வரைக்கும்தானே வீட்டக் கூட்டக் கூடாதும்பாங்க. ஒங்கக்கா இந்நேரம் போயி, கறி சோறு ஆக்கித் தின்னுருப்பா. எம்புட்டு நாளைக்கி இப்படியே போட்டு வப்ப?"

"போய்ச் சேந்துட்டான்னு யாரு கண்டா" என்றாள் அம்மா.

குரல் கடுப்பாக இருந்தது. சண்டை இன்னும் தீரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மழை பிடித்துக்கொண்ட சமயம், தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், கீழ்க்கணக்கில், வெறி பிடித்த ஒரு விசர் நாய் மாட்டைக் கடித்துவிட்டது என்று செய்தி வந்தது. மனுசரையும் கடித்தது என்றார்கள் சிலர். ஆளில்லாத நாய்களையெல்லாம் சுட்டுவிடச் சொல்லித் தோட்டத் தொரை உத்தரவு போட்டார். குடும்பங்கள் போகப் போக லயத்துக்கு லயம் நாய்கள் மிஞ்சிப்போயிருந்த காலம். பங்கு வைத்த சாமான்களில் அவை சேர்ந்திருக்கவில்லை. தொரை பங்களாத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தோட்டக் காவல்காரர் ஒவ்வொரு கணக்காக வந்தார். அவர் கெட்டவர் இல்லை. பலாக்காய் திருடினால்கூட, ஓடுவதற்கு நேரம் கொடுத்து இருமிவிட்டுத்தான் வருவார். ஆனால் போன இடத்திலெல்லாம் பெண்கள் கண்ணில் பட்ட நாயையெல்லாம் தங்கள் நாய் என்றார்களாம். அவருக்குத் தொரையிடம் ஏச்சு. அதனால் முதல் நாளே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"கேட்டா எல்லாரும் நம்ம நாய், நம்ம நாய்ன்னுதான் சொல்றீங்க. நாளைக்கி நான் ஒருத்தர்கிட்டயும் கேக்கப் போறதில்ல. நாய்கிட்டயே கேட்டுக்கிறேன். குடி இருக்குற வாசல்ல படுத்திருந்தா ஒங்க நாய். பூட்டுன வாசல்ல படுத்திருந்தா ஆளில்லாத நாய்."

சீனியை எங்கள் வாசல் தூணில் கட்டினேன். ஒரு முறைக்கு நாலு முடிச்சு. பக்கத்திலேயே உட்கார்ந்து, ரொட்டி, கருவாட்டுத் தலை, என் பங்கில் எது இருந்ததோ எல்லாம் வைத்தேன். தின்றது. தின்றுவிட்டுக் கயிற்றையும் கடித்தது. நான் முகம் கழுவப் போய் வருவதற்குள் அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, பழைய இடத்தில், கால் தடத்தின் மேல் மூக்கு. மறுபடி கட்டினேன். மறுபடி கடித்தது. எத்தனையோ வருசம் கழித்து இப்போது பிலிமத்தலாவையில் என் வீட்டில் இருக்கிற நாய்க்குத் தோல் பட்டியும் இரும்புச் சங்கிலியும் இருக்கின்றன. இருந்தும், நான் கடையில் நிற்கும்போது அது இருக்கிற இடத்தில் இருக்கிறதா என்று ஒரு பயம் நடுவில் வந்து போகும். அந்தப் பயம் அன்றைக்குப் பிடித்தது.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டு இல்லை. நான் கண் விழித்தபோது வெளியே விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. சத்தம் எங்கள் வாசலோடு நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. எழுந்து ஓடிப் பார்த்தேன். பனிக்குள் அம்மா பெரியம்மா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சருகையெல்லாம் தள்ளி அள்ளினாள். சாணிச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். சீனி எழுந்து முற்றத்தில் இறங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றது. கதவடியிலிருந்து ஆரம்பித்து அரைவட்டம் அரைவட்டமாக மெழுகிக்கொண்டே வந்த அம்மா, கால் தடம் இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றாள். சுற்றி மெழுகினாள். அந்தப் பக்கம் மெழுகினாள். இந்தப் பக்கம் மெழுகினாள். ஒரு பாதம் அளவு இடம் மட்டும் மிச்சம் இருந்தது. எனக்கோ, காவல்காரர் வந்துவிடுவாரே என்று உயிர் போனது.

"சுருக்கா மெழுகும்மா, வந்துருவாரு" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையைச் சட்டியில் தோய்த்து, அந்த இடத்தையும் மெழுகினாள்.

கோலம் போட்டாள். எங்கள் துணிகளை அந்த வாசல் கூரையின் வளைக்கம்பில் கொண்டுபோய்க் காயப்போட்டாள், பனியில் எது காயும் என்று யோசிக்காமல். ஒரு சாக்கை விரித்து என்னை அதில் உட்காரவைத்து ரொட்டியைக் கையில் கொடுத்தாள். தானும் முறத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள். சீனி ஏறி வந்து, மோந்து பார்த்து, இரண்டு சுற்றுச் சுற்றி, அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் படுத்தது.

காவல்காரர் வந்து நின்றார். பூட்டைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார்.

"இது ஒங்கக்கா இருந்த காம்பராவுல்ல?"

"ஆமாண்ணே. இப்ப நாங்க பொழங்குறோம்."

"பூட்டு தொங்குதே."

"பூட்டு உள்ளுக்குத்தாண்ணே. வாசலு எங்களுது."

சொல்லிக்கொண்டே, முறத்திலிருந்த கையை எடுத்துச் சீனியின் தலைமேல் வைத்தாள். அவள் அதைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சீனி கண்ணை மூடிக்கொண்டது. காவல்காரருக்குத் தெரியாமலா இருந்திருக்கும். தரை ஈரமாக இருந்தது, துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாய் சொல்லிருச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வெகுநேரம் கழித்து, எங்கேயோ கீழ் லயத்துப் பக்கம், பனிக்குள் ஒரு சத்தம் கேட்டது. கதவை யாரோ அறைந்து சாத்தியது போல. ஒரே ஒரு தடவை. நான் சீனியின் காதுகளைக் கையால் பொத்தினேன்.

அன்று சாயங்காலம்தான் அந்த அதிசயம் நடந்தது. சீனி தன் பழைய இடத்தை மூக்கால் தடவித் தடவித் தேடியது. ஒரு முறை காலால் பிறாண்டியது. பிறகு எழுந்து, உதறிக்கொண்டு, நடந்து வந்து, எங்கள் வாசலில், என் தட்டுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. கயிறு இல்லாமல், கருவாட்டுத் தலை இல்லாமல், தானாக. என் பராமரிப்பு கடைசியில் பலித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவிடம் சொல்ல ஓடினேன். மூடுபனி கொய்யா மரத்தை விழுங்கிவிட்டு இஸ்தோப்பு வரைக்கும் வந்திருந்தது. அம்மா இன்னும் பெரியம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். முறம் பக்கத்தில் கிடந்தது. அரிசி எப்போதோ பொறுக்கி முடித்தாகிவிட்டது. காவல்காரரும் போய்விட்டார், நாயும் நம் வாசலுக்கு வந்துவிட்டது, இனி யாருக்காக இங்கே உட்கார வேண்டும்?

"அம்மா, சீனி நம்ம வீட்டுக்கு வந்துருச்சு. நீ ஏன் இன்னும் இங்கயே ஒக்காந்திருக்க?"

அம்மா தரையை உள்ளங்கையால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள்.

"தர காயட்டும்னு பாக்குறேன் தாயி" என்றாள்.

மழைக் காலத்தில் சாணி மெழுகினால் காய நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அதனால் நம்பிவிட்டு, நாயிடம் ஓடிப்போனேன்.