லாம் ஆசிரியரின் கடைசிக் கோடு

பொதுவுடைமையர் கைக்கு ஆட்சி மாறியபின் சைகோனில் நான் எழுத்தராயிருந்த பிரெஞ்சு வணிக நிலையம் மூடப்பட்டது. காரைக்காலுக்குத் திரும்பாமல், சீனர் வாழும் சோலோன் பகுதியில் ஒரு கூட்டுறவுப் பட்டறையில் சேர்ந்தேன். தூரிகையால் எழுதிய தாள்களுக்குப் பின்தாள் ஒட்டிச் சுருளாக்குவது அங்கே தொழில். முதல் நாளே பட்டறைத் தலைவி ஹான் அம்மையார் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து, பிரெஞ்சுத் துரையை அழைப்பதுபோல அழைத்தார்.

“முசியே, இங்க கையெழுத்து அழகா இருந்து ஆகப்போறது ஒண்ணுமில்ல. பசை தண்ணியா இருக்கணும், கை லேசா இருக்கணும்.”

தாளைக் கவிழ்த்து நனைத்து, மெல்லிய தாளைப் பின்னே ஒட்டி, பலகையில் விறைப்பாகக் காயவிட வேண்டும். மை கசியாமலும் உரியாமலும் காப்பது ஒட்டுபவன் பொறுப்பு. ஈராண்டில் கை பழகிற்று. செருக்கும் உடன் வந்தது.

அப்போதுதான் லாம் ஆசிரியர் வந்தார். சீன இலக்கியம் கற்பித்தவர், புல்லெழுத்தில் வல்லவர். அவ்வெழுத்தில் தூரிகை நில்லாமல் ஓடும். ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தலையாகிவிடும். ஆட்சி மாறிய அச்சத்தில் தம் தாள்களையெல்லாம் எரித்திருந்தார். பின்னர் வாதத்தால் வலக்கையும் விழுந்துவிட்டது. எஞ்சிய ஒரே தாளைப் பின்தாள் ஒட்டித் தரும்படி என்னிடம் கொடுத்தார். மகளுக்குப் பிரான்சிலுள்ள கணவரிடம் செல்ல ஒப்புதல் கிடைத்திருந்தது.

“வெள்ளிக்கிழமை பறக்குறா. அவ கையில குடுக்க எங்கிட்ட வேற ஒண்ணுமில்ல” என்றார்.

வியாழன் காலை பலகையிலிருந்து தாளை எடுத்தேன். கடைசி எழுத்தின் நீண்ட கோட்டில் மை விட்டுவிட்டுத் தெரிந்தது. இடையிடையே தாளின் வெண்மை; ஒட்டுமுன் நான் அதைக் கவனித்திருக்கவில்லை. என் ஈரத் தூரிகை மையை உரித்துவிட்டதென்று அஞ்சினேன். ஹான் அம்மையார் அடுத்த மேசையில்தான் இருந்தார். கேட்க நாணினேன். மையரைத்து, நிறம் ஒப்பிட்டு, நுண்ணிய தூரிகையால் இழை இழையாக நிரப்பினேன். மங்கிய எழுத்தின்மேல் மீண்டும் எழுதுவது எழுத்தர்க்கு இயல்பாயிற்றே. வேலை நேர்த்தியாக வந்ததில் மகிழ்ச்சிகூட அடைந்தேன்.

அன்று மாலை மகளுடன் வந்த ஆசிரியர், கடைசிக் கோட்டின் போக்கிலேயே இடக்கை விரலைத் தாளில் படாமல் நகர்த்தினார். அவ்விடத்தில் விரல் நின்றது.

“இங்க வெள்ளையா இருக்குமே?”

உண்மையைச் சொன்னேன். அவர் தாளருகே குனிந்து பார்த்தார்.

“ஒண்ணும் உரியல. மை தீரத்தீர கை ஓடுச்சு, அதான் வெள்ளை. என் கையோட வேகம் அந்த வெள்ளையிலதான் இருந்துச்சு.”

உலர்ந்த மையை நீக்க வழியில்லை. இப்படியே கொண்டுபோகிறேன் என்றாள் மகள். ஆசிரியர் இடக்கையை நீட்டித் தூரிகை கேட்டார்.

“உங்க பேரு என்ன?”

“வைத்திலிங்கம்.”

பிறர் கை பட்டால் அதைத் தாளின் ஓரத்திற் குறிப்பது சீன அறிஞர் மரபு. குழந்தையின் எழுத்துப்போல நடுங்கும் சிற்றெழுத்துகளில் எழுதினார். மகள் படித்துச் சொன்னாள்: “கடைசிக் கோட்டை முடித்தவர் வைத்திலிங்கம்.” அதில் கடுமை இல்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

இத்தொழிலுக்கு வரும் இளையோர்க்கு நான் சொல்லத்தக்கது ஒன்றே. குறையென்று தோன்றுவதைத் திருத்துமுன் எழுதியவரைக் கேளுங்கள். உங்கள் பிழையென்று அஞ்சினால் இன்னும் விரைந்து கேளுங்கள். நான் கேளாததால், ஒருவர் தம் மகளுக்கு வைத்திருந்த ஒரே தாள் என் பெயரைச் சுமந்து கடல் கடந்தது.