சிவப்பு பட்டனும் நான்கு ஸ்டார் ஸ்க்ரூவும்

தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று காலை, வடை மாவு அரைபடும்போதே மிக்சி நின்றுவிட்டது. நான் எஞ்சினியர், விடுவேனா? கவிழ்த்துப் பார்த்தால் அடியில் நான்கு ஸ்க்ரூ, நான்கும் கூட்டல் குறி போட்ட ஸ்டார் ஸ்க்ரூ. எங்கள் புதுப்பட்டினம் வீட்டில் இருந்ததோ தட்டை ஸ்க்ரூடிரைவர். அதையே குத்தித் திருகினேன். எதுவும் கழலவில்லை, நான்கு தலையும் மழுங்கியதுதான் மிச்சம். எரிச்சலை மனைவிமேல் கொட்டினேன்.

பூ கொண்டுவந்த பூக்காரம்மா எட்டிப் பார்த்தார். "இன்னாத்துக்கு சார் அத்தப் போட்டு நோண்டிகினு கீற? லோடு ஜாஸ்தியானா அதுவே நின்னுக்கும், அடியில செவப்பு பட்டன் கீது பாரு, அத்த அமுக்கு."

அமுக்கினேன். ஓடியது.

சில வருடம் கழித்து மிக்சி நிஜமாகவே பழுதானது. கடை மெக்கானிக் ஸ்க்ரூக்களைப் பார்த்தார்.

"எந்த மடையன் சார் இத்த நோண்டினது?"

"எவனோ ஒரு மெக்கானிக்" என்றேன்.

அவர் அவனைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். திட்டியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.