ஆர்கன் துருத்திக்குப் பின்னால்

எங்கள் சபையில் என் மனைவியைத்தான் எல்லோருக்கும் தெரியும். ஆர்கன் வாசிக்கிற டீச்சர். அந்த ஆர்கனுக்குப் பின்னால், மரத்தடுப்பின் மறைவில் நின்று, துருத்தியின் கைப்பிடியை ஏற்றி இறக்கிக் குழாய்களுக்குக் காற்றடிக்கிற ஒருவன் இருக்கிறான் என்பது பலருக்கு ஞாபகமே இருக்காது. இருபத்தெட்டு வருஷமாக அந்த ஆள் நான்தான். வாரத்தில் ஆறு நாள் திருத்தணியிலிருந்து பஸ் பிடித்துப் பொதட்டூர்பேட்டைக்குப் போய் விசைத்தறிகளுக்கு ரிப்பேர் பார்ப்பேன். ஏழாம் நாள் கர்த்தரே ஓய்ந்திருந்தார். எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

ஆகவே, மிஷன் காலத்து ஆர்கனைப் பழுதுபார்த்து, கையோடு மோட்டாரும் வைத்துவிடலாம் என்று கமிட்டி முடிவு செய்தபோது, அதிகம் சந்தோஷப்பட்டவன் நான். ஆர்கன் மேல் உள்ள பிரியமெல்லாம் ஒன்றுமில்லை. அலுத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மற்ற ஆண்களைப் போலச் சட்டை நனையாமல் பெஞ்சில் உட்கார வேண்டும். அவள் வாசிப்பதை முன்னாலிருந்து கேட்க வேண்டும். பின்னால் நிற்பவனுக்குத் துருத்தியின் இரைச்சல்தான் காதை அடைக்கும். கட்டின பெண்டாட்டியின் வாசிப்பை ஊரே கேட்டிருந்தது, நான் சரியாகக் கேட்டதில்லை.

பழுதுபார்ப்பவர் சென்னையிலிருந்து வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். வந்தது கிருத்திகை நாளாகப் போய்விட்டது. காவடிக் கூட்டத்தில் கார் நகராமல், கடைசி இரண்டு மைல் நடந்தே வந்து சேர்ந்த கடுப்பில் துருத்தியைத் திறந்தார். திறந்தவர் உள்ளேயிருந்து கட்டம் போட்ட லுங்கித் துணியாக உரித்து உரித்துத் தரையில் போட்டார். பச்சைக் கட்டம், நீலக் கட்டம், அதற்கடியில் இன்னொரு பச்சை. யார் ஒட்டியது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

துருத்தியின் தோல் வெடிக்கும் போதெல்லாம், தறியில் மீந்த துண்டுத் துணியை, பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியில் தோய்த்து ஒட்டிவிடுவேன். எங்கள் பக்கத்தில் கிழிந்தது எதுவானாலும் அதுதான் வைத்தியம். ஆனால் அந்தக் கஞ்சிக்கு எலி வந்தது. வந்த எலி கஞ்சியோடு சேர்த்துத் தோலையும் தின்றது. அந்த ஓட்டைக்கு நான் மறுபடியும் கஞ்சி போட்டேன். "இத்தினி வருசமா எலிக்குச் சோறு போட்டுகினு இருந்திருக்கீங்க," என்றார் அவர். பக்கத்தில் நின்ற போதகர் சிரித்துவிட்டார். எனக்கு அவமானமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. இவ்வளவு நாள் இதை இழுத்துப் பிடித்து ஓட்டியவன் நான், ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை.

வேலை மூன்று மாதம் இழுத்தது. குழாய்களைக் கழற்றிப் பெஞ்சுகளில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். ஆம்பூரிலிருந்து ஆட்டுத்தோல் வந்தது. மெக்கானிக் கை வேண்டும் என்று சொல்லிச் சாயங்காலமெல்லாம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். தறிக்கூடத்தின் எண்ணெய் நாற்றத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகச் சபைக் கோயிலுக்குப் போய்ப் பலகை பிடிப்பேன், திருகு முடுக்குவேன். உடம்பு ஓய்ந்து போயிற்று. மோட்டார் வந்ததும், பழைய கைப்பிடியைக் கரண்ட் போகும் நாளுக்காக விட்டு வைக்கலாமா என்று கேட்டார். கழற்றிக் கொட்டகையில் போடுங்கள் என்று எரிந்து விழுந்தேன்.

சோதித்துப் பார்த்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். போதகர், பழுதுபார்ப்பவர், நான், என் மனைவி. மோட்டார் லேசாக உறுமியது. நான் மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் வழக்கமான ஆராதனைப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தாள். அடிப்பாவி, இப்படியா வாசிப்பாய் நீ! இத்தனை வருஷம் இதைக் கேட்காமல் போய்விட்டேனே என்று ஆதங்கமாக இருந்தது.

மூன்றாவது அடி முடிந்ததும் அவள் கையை எடுத்தாள். ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டு நாலாவது அடிக்குப் போனாள். அடுத்த சரணத்திலும் அதே இடத்தில் நின்றாள். பழுதுபார்ப்பவர் தடுப்பைச் சுற்றி வந்து, ஏன் நிறுத்துகிறீர்கள் என்று விசாரித்தார். எங்கள் சபையில் ராகமே அப்படித்தான், எல்லோரும் அங்கே நிறுத்தித்தான் பாடுவோம் என்றார் போதகர். நானும் தலையாட்டினேன். அது பாட்டிலேயே உள்ள நிறுத்தம் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன். அவர் ஸ்வரப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் அந்த இடத்தில் நிறுத்தம் எதுவும் இல்லை.

"மோட்டாருக்கு எளைப்பு கெடையாதும்மா. நிறுத்தாம வாசிங்க," என்றார்.

அவள் கட்டைகளைப் பார்த்தபடியே பேசினாள். "தெரியும்ங்க. அங்கதான் அவரு கை மாத்துவாரு. சோத்துக் கை தோள்பட்ட அதுக்கு மேல தாங்காது."

போதகர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு சபை முழுக்க இத்தனை வருஷமாக என் தோளுக்காக மூச்சைப் பிடித்து நின்றிருக்கிறது. தடுப்புக்குப் பின்னால் நான் கை மாற்றுவது யார் கண்ணுக்கும் தெரியாது. தோள் வலிப்பதை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.