இரண்டாம் திரையில் பேச்சியம்மாள்

தங்கவேல் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள் நின்று வேலை பார்க்கிறவள். இருவருக்கும் கடை ஒன்றுதான், தியாகராய நகரில் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து கூட்டமே தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் தூரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அவள் இரண்டாம் மாடியில் சுங்குடிச் சேலை கவுண்டரில் நின்றாள். அவன் கீழே, மாடிப்படிக்கு அடியில் இருந்த கேமரா ரூமில் உட்கார்ந்திருந்தான். ரூம் என்று சொன்னால் ரூம், பொந்து என்று சொன்னால் பொந்து.

அவனும் முதலில் நின்றவன்தான். சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே இந்தக் கடைக்குத் துணிப் பேல் சுமக்க வந்தான். குடோன் ஏணி ஒருநாள் சரிந்து இடுப்பில் அடி. முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி அவனை வெளியே அனுப்பாமல், "நீ உக்காந்தே இருடே, கேமராவைப் பாத்துக்க" என்று பொந்துக்குள் அனுப்பினார். நல்ல மனிதர், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அப்புறம்தான் அவர் மகன் காலம் வந்தது.

பேச்சியம்மாள் அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண். கடை ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தவள் பேல் சுமக்கிறவனைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். அண்ணன்மார் அவளைத் தலைமுழுகினார்கள். பிள்ளை பிறக்கவில்லை. சர்க்காரில் ஆற்றங்கரை வீட்டை இடித்து, பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் ஏழாவது மாடி வீடு ஒன்றைக் கொடுத்தார்கள். அங்கிருந்து தினமும் பஸ் பிடித்து வருவார்கள். பஸ்ஸில் இடம் கிடைத்தால் அவன் நின்றுகொண்டு அவளை உட்கார வைப்பான். அது ஒன்றுதான் அவள் காலுக்குக் கிடைத்த ஓய்வு.

அவள் கால்தான் இந்தக் கதை. வருஷக்கணக்காக நின்றதில் நரம்புகள் முறுக்கிக்கொண்டு, வாழைத்தண்டு மாதிரி இருந்த கால் வேப்பமரத்து வேர் மாதிரி ஆகிவிட்டது. கணுக்காலுக்கு மேலே ஒரு புண். ஆறும், மறுபடி வாய் திறக்கும். ராயப்பேட்டை ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "நிக்காதம்மா, காலைத் தூக்கி வச்சு உக்காரு" என்றார். ஜவுளிக்கடையில் நிற்காதே என்பதும் மீனைப் பார்த்து நனையாதே என்பதும் ஒன்றுதான். கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது கவுண்டருக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள், உண்மை. ஆனால் அதில் உட்கார்ந்தவளை சூப்பர்வைசர் பார்த்த பார்வையில் அவள் தானாக எழுந்துகொண்டாள். அப்புறம் ஸ்டூலின்மேல் சேலைக் கட்டுகள் உட்கார்ந்தன.

ஆனாலும் பேச்சிக்கு ஒரு வழி இருந்தது. கூட நின்ற ஸ்வர்ணலதா கே.கே. நகர்க்காரி, அகலமான உடம்பு, அதைவிட அகலமான மனசு. கூட்டம் குறைந்ததும், "பேச்சி, செவுரு ரெடி, உக்காரு" என்று முன்னால் வந்து நின்றுகொள்வாள். பேச்சி அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கட்டின்மேல் உட்கார்ந்து, இன்னொரு கட்டின்மேல் காலைத் தூக்கி வைப்பாள். மேலே கேமரா இருந்தது. இருந்தால் என்ன? பார்க்கிறவன் புருஷன். சின்ன அண்ணாச்சி விஜயராகவன் போனில், "எவளாவது உக்காருதாளா தங்கவேலு?" என்று கேட்டால், "ஒருத்தருமில்ல அண்ணாச்சி" என்பான். ஒரே திரையில் இட்லித் தட்டு மாதிரி பதினாறு குழி. ஒரு குழிக்குள் பேச்சி புளியங்கொட்டை அளவுதான் தெரிவாள். உட்கார்ந்திருக்கிறாளா நிற்கிறாளா என்பது அவனுக்கே நிதானித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் கேமராக்களை இரண்டு மடங்காக்கினார்கள். ஒரு திரை போதாது என்று உபைத் வந்தான். ரிச்சி தெருவில் கடை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் மெக்கானிக், தங்கவேலுக்குப் பழக்கம். பெட்டியைத் திறந்து ஒரு கார்டைச் செருகி, பக்கத்தில் இன்னொரு திரையை நிறுத்தினான்.

"இன்னா பாய், ஒரு மூளைக்கு ரெண்டு மூஞ்சியா?"

"உனக்கு இல்லியா மாமா? கடையில ஒண்ணு, வூட்ல ஒண்ணு?"

முதலில் இரண்டு திரையிலும் ஒரே படம் வந்தது. "இது டூப்ளிகேட். இங்க காட்றதையே அங்கயும் காட்டும். நமக்கு இது வேணாம்" என்று உபைத் எதையோ மாற்றினான். இப்போது இரண்டும் சேர்ந்து ஒரே நீளத் திரையாயின. ஆனால் அம்புக்குறி வலப்பக்கத் திரைக்குப் போகாமல் ஓரத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது.

"இன்னா, செவுத்துல முட்டிக்கினு கீது?"

"ரெண்டாவது இடது பக்கம் கீதுன்னு கம்ப்யூட்டரு நெனச்சுக்கினு கீது மாமா. அதுக்கு கண்ணா கீது? நாமதான் சொல்லணும்." ஒன்று, இரண்டு என்று எண் போட்ட கட்டங்களை உபைத் இடம் மாற்றி இழுத்து வைத்தான். அம்பு வழுக்கிக்கொண்டு வலப்பக்கம் போனது. "இந்தப் பக்கம் எல்லா கேமராவும் குட்டி குட்டியா. எது வேணுமோ அத்த ரெண்டு தட்டு தட்டு, அந்தப் பக்கம் முழுசா வரும்."

உபைத் போன பிறகு தங்கவேல் முதல் வேலையாகச் சுங்குடி கவுண்டரை இரண்டு தட்டு தட்டினான்.

பேச்சி திரை முழுக்க வந்தாள். மூக்குத்தி தெரிந்தது. காது ஓரத்து நரை தெரிந்தது. ஒரு கிழவிக்குச் சேலையை உதறிக் காட்டிவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள். சத்தம் வராது. சத்தமில்லாமலே அது நல்ல சிரிப்பு, யார் இல்லையென்று சொன்னாலும் சரி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அவளை இத்தனை வெளிச்சத்தில், இத்தனை நேரம் பார்த்ததில்லை. விடிவதற்குள் எழுந்து ஓடி, இருட்டியபின் வீடு திரும்புகிறவர்களுக்கு எங்கே நேரம்?

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. கைக்கு வேலை ஓய்ந்தால் வலப்பக்கத் திரையில் பேச்சி. அவள் காலை மாற்றி மாற்றி நின்றால் இவனும் நாற்காலியில் இடுப்பை மாற்றி மாற்றி உட்காருவான். ஸ்வர்ணலதா முன்னால் வந்து நின்று, பேச்சி உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்ததும், இவன் தன் கால் வலியே இறங்கியதுபோல மூச்சு விடுவான். இதை அவளிடம் சொல்லவில்லை. வெட்கம். இந்த வயதில் பெண்டாட்டியைப் படம் பார்க்கிற மாதிரி பார்க்கிறேன் என்று எந்த ஆண்பிள்ளை சொல்வான்?

ஆடி முடிந்து, அவனுடைய லீவு நாள் ஒன்றில் உபைத் மறுபடி வந்து போயிருந்தான். மறுநாள் பார்த்தால் வலப்பக்கத் திரைக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, அதில் பச்சை விளக்கு. அதிலிருந்து ஒரு வயர் கூரைக்குள் ஏறிப் போயிற்று. "சின்ன அண்ணாச்சி கேபின்லயும் டிவி வச்சிருக்கு" என்று வாட்ச்மேன் சொன்னான். அவருக்குத் தனியாகப் படம், தனியாக மவுஸ் இருக்கும் என்று தங்கவேல் நினைத்துக்கொண்டான். அந்தப் பெட்டி என்ன செய்யும் என்று அவன் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு போன் போட்டிருக்கலாம்.

அந்த மாதமே பேச்சியைச் சுங்குடியிலிருந்து தூக்கிக் கீழே வாசலுக்குப் போட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று, கைகூப்பி, "வாங்க, வாங்க" என்று சொல்கிற வேலை. சாய கவுண்டர் கிடையாது, கட்டு கிடையாது, மறைக்க ஆள் கிடையாது. "உக்காந்து உக்காந்து களைச்சுப் போயிட்டே, கொஞ்சம் நில்லு" என்று சூப்பர்வைசர் சொன்னானாம். அதே வாரம் ஸ்வர்ணலதாவைக் கவுண்டர் இன்சார்ஜ் ஆக்கினார்கள்.

பஸ்ஸில் பேச்சி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவ முதுகுக்குப் பின்னாடிதான உக்காந்தேன்? அவளைத் தவுத்து வேற எந்தக் கண்ணு கண்டுச்சு? நீங்களே சொல்லுங்க."

"அவதாம்மே. வேற யாரு" என்றான் தங்கவேல். வாயில் வந்ததைச் சொன்னான். அதோடும் நிற்கவில்லை. மறுநாள் மாடிப்படியில் ஸ்வர்ணலதாவை மறித்து, "இன்சார்ஜுக்கு ஒரு காலு வேணுமா உனுக்கு? இன்னொரு காலும் கீது, எடுத்துக்கோ" என்று கேட்டுவிட்டான்.

அவள் அப்படியே நின்றாள். "அண்ணே, எம் புள்ளைங்க சத்தியமா நான் வாயைத் தொறக்கல" என்றாள்.

"புள்ளைங்க மேல வேற சத்தியமா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

தீபாவளிக் கூட்டம் வந்தது. வாசல் கேமராவில் ரங்கநாதன் தெருவே உள்ளே கவிழ்ந்துவிட்ட மாதிரி தலைகள். அதற்கு நடுவே கைகூப்பிய பேச்சி. ஒரு சாயங்காலம் அவளைச் சுற்றி மட்டும் கூட்டம் விலகியது. பெரிதாக்கிப் பார்த்தான். வெள்ளைக் கல்தரையில் யாரோ காப்பியைக் கொட்டிவிட்டது மாதிரி தெரிந்தது. அதன்மேல் அவள் செருப்பில்லாமல் நின்றாள். கை இன்னும் கூப்பியபடியே இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவன் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் நரம்பு வெடித்த காலை அழுத்திப் பிடித்தபடி அவள் தரையில் கிடந்தாள். துடைப்பக்காரி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பாத்துப் போங்க, வழுக்கும்" என்று வேறு யாரோ வாடிக்கையாளரை வழிநடத்திக்கொண்டிருந்தார்கள்.

உயிர் தங்கியது. வேலை போயிற்று. கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டி, பேச்சி ஏழாவது மாடியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். லிஃப்ட் ஓடுகிற நாளைவிட ஓடாத நாளே அதிகம், அதனால் இறங்க முடியாது. உட்கார வேண்டும் உட்கார வேண்டும் என்று ஏங்கியவளுக்கு உட்காருவதைத் தவிர வேறு ஒன்றும் மிச்சமில்லை. வாய் ஓயாதவள், கிழவியையும் சிரிக்க வைத்துச் சேலை விற்றவள், இப்போது பக்கத்து பிளாக்கின் துணிக்கொடியைப் பார்த்து, "அந்தப் பச்சைச் சேலை நம்ம கடைச் சுங்குடியாக்கும்" என்று சுவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்வர்ணலதா ஒருநாள் சாத்துக்குடியோடு மாடி ஏறி வந்து கதவைத் தட்டினாள். பேச்சி திறக்கவில்லை. பை கதவுப்பிடியில் தொங்கியது. அதை எடுக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

பொங்கல் கழிந்து சின்ன அண்ணாச்சி தங்கவேலை மேலே கூப்பிட்டனுப்பினார். கேபினுக்குள் அவன் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை.

"வாடே தங்கவேலு. குடோன் கேமராவையும் உங்கிட்டயே குடுக்கப்போறேன். நம்பிக்கையான ஆளு நீதான்" என்றார். "சொந்தப் பெண்டாட்டின்னும் பாக்காம, அவ உக்காருதப்ப எல்லாம் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிக் காட்டினியே. வாயால ஒரு சொல்லு சொல்லாம காரியத்தை முடிச்சிட்டே. அதுக்குப் பேருதான் விசுவாசம்."

தங்கவேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்த டிவியைப் பார்த்தான். வாசல் கேமரா முழுசாக நின்றது. கீழே அவன் விட்டுவிட்டு வந்த அதே படம். அதில் கண்ணாடிக் கதவின் ஓரத்தில், அவன் கடைசியாகக் கையெடுத்த இடத்தில், அவனுடைய அம்புக்குறி நின்றுகொண்டிருந்தது.

கீழே வந்து உபைத்துக்குப் போன் போட்டான்.

"ஆமா மாமா, அது ஸ்ப்ளிட்டரு. உன் ரெண்டாவது ஸ்கிரீனு வயரைப் பிரிச்சு மேல வுட்ருக்கேன். நீ பாக்குறத்தான் அவரும் பாப்பாரு. உனுக்குத் தெரியாதா?"

மவுஸின்மேல் கை வைக்கவே கூசியது. திரை தானாக அணையும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது சொல்லிப் பார்ப்பான், மாடி ஏறும்போது சொற்கள் ஒவ்வொன்றாகப் படியில் உதிர்ந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தான். "அந்தச் சிறுக்கி நல்லா இருப்பாளா?" என்று அவள் ஸ்வர்ணலதாவைச் சபித்தாள். அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. குனிந்தபடியே, அவள் காலைப் பார்த்தே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இரண்டாவது திரையை, இரண்டு தட்டை, பச்சை விளக்குப் பெட்டியை, அண்ணாச்சியின் பாராட்டை.

பேச்சி ஜன்னலுக்கு வெளியே துணிக்கொடியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"தெனமுமா பாத்தீய?"

"தெனமும்தாம்மே."

"எம்புட்டுப் பெருசா?"

"ஸ்கிரீனு முழுக்க."

அவள் முகம் ஒரு கணம் எங்கோ போய்த் திரும்பியது. எதிரில் வந்து நிற்கிற வாடிக்கையாளரைப் பார்த்து மலருவாளே, அந்த முகம் வரப் பார்த்தது. வரவில்லை.

"இம்புட்டுப் பெருசாத் தெரியுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எந்திச்சு நின்னிருப்பேன்" என்றாள். காலை மெல்ல அவன் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். மிச்சக் கட்டை அவளே சுற்றினாள். பிறகு, "ஸ்வர்ணத்துக்குப் போன் போடுங்க. நீங்களே போட்டு, நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

ஸ்வர்ணலதா மறுபடி ஏழு மாடி ஏறி, மூச்சு வாங்க வந்தாள். வந்ததும், "இம்மாம் ஒசரத்துல குடி வச்சா எவ வருவா ஒன்னியப் பாக்க?" என்றாள். பேச்சி அவள் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள், பிறகு சூப்பர்வைசரைத் திட்டினார்கள், புதிதாக வந்த சேலைகளைப் பற்றிப் பேசினார்கள்.

தங்கவேல் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வாசல்படியோரம் நின்றான். இடுப்பு வலித்தது. மூலையில் ஒரு நாற்காலி சும்மாதான் கிடந்தது. உட்காருங்கள் என்று பேச்சி சொல்லவில்லை. அவனும் உட்காரவில்லை.