இடப்பக்கத்து மட்கார்டு

பேகம்பூர் ஜெகபர் அலி தோல் வியாபாரி. கிடங்குக்கு வரும் ஒவ்வொரு தோலையும் கட்டைவிரலால் அழுத்துவார். பிறகு முகர்ந்து பார்ப்பார். விலை சொல்வது அதற்கப்புறந்தான். முப்பது வருட நாற்றத்தில் ஒருநாளும் மூக்கைப் பொத்தாத மனிதர். 1958ஆம் வருடம் மே மாதத்தில் அவர் வாந்தியெடுத்ததைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே இதை யாரும் கட்டுக்கதை என்று தள்ளிவிட வேண்டாம்.

மகள் சைதூனுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்துவரவென்றே, சீமைக்குத் திரும்பவிருந்த கொடைக்கானல் துரை ஒருவரிடம் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். யானைத்தந்த நிறம். எங்கோ மோதிப் பழுதுபார்த்த வண்டி. இடது மட்கார்டு மட்டும் சற்றுப் பழுப்பாகத் தெரிந்தது.

பெயிண்டர் அருளப்பன் செவ்வாயன்று வண்ணம் கலந்தார். தகரத்துண்டில் பூசியபோது அச்சாகப் பொருந்தியது. மட்கார்டில் பூசினார். புதன் காலை, மறுபடியும் பழுப்பு. சுரண்டிவிட்டுப் பூசினார். வியாழனும் அப்படியே.

"என்ன அப்பு, மாப்பிள்ளைய தேமல் விழுந்த கார்லயா ஏத்துறது?"

"என் கையில தப்பில்ல பாய். பெயிண்டு காயவே மாட்டேங்குது... நீங்களே தொட்டுப் பாருங்க."

வியாழன் பகல் இரண்டு மணி பத்து நிமிடம். வெயிலில் பானெட் கொதித்தது. மட்கார்டு மட்டும் வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. வழக்கம்போல் கட்டைவிரலால் அழுத்தினார். தகரம் உள்வாங்கியது. விரலை எடுத்ததும் மெல்ல மேலெழுந்தது...

முகர்ந்தார். பெயிண்டு வாடையில்லை. உரித்து இரண்டு நாளான தோலின் வாடை.

"உள்ள எலி கிலி செத்திருக்கும். உப்பக் கொண்டா."

அழுகும் தோலுக்கு உப்பிடுவதே அவர் அறிந்த வைத்தியம். கைநிறைய அள்ளி அழுத்தித் தேய்த்தார்.

"ஸ்ஸ்ஸ்..."

பல்லைக் கடித்து யாரோ மூச்சிழுக்கும் சத்தம். அருளப்பன் பத்தடி தள்ளி நின்றிருந்தார்.

வெள்ளி காலை ஆறு இருபது. நாற்றம் நின்றிருந்தது. உப்பிட்டால் தோல் கெடாது அல்லவா?

மட்கார்டு முழுதும் மாநிறம். நுண்ணிய துளைகள். துளைக்கொரு மயிர். வியர்வை.

உப்புத் தேய்த்த ஜெகபர் அலியின் நகக்கண்ணில் ஏதோ ஒட்டியிருந்தது. மெல்லியதோர் மாநிறத் தோலேடு. இழுத்தார்.

வந்தது.

வந்துகொண்டே இருந்தது...

குனிந்து வாந்தியெடுத்தார்.

அன்று மாலை, வண்டியைப் பழுதுபார்த்த பேச்சிமுத்துவைப் பட்டறையில் கண்டுபிடித்து விசாரித்தார்.

"ஆத்தூர் ரோட்டுல ஒரு ஆள அடிச்ச வண்டி பாய். ரொம்ப தூரம் இழுத்துட்டுப் போயிருச்சு. பழைய மட்கார்ட அப்பவே கழட்டி வீசியாச்சு. இது நான் புதுத் தகரத்துல தட்டுனது."

"அந்த ஆளு?"

"ஆத்தூர்லயே புதைச்சுட்டாக. எடது தோள்ல தோலே இல்லையாம். அம்புட்டுத் தேடியும் கெடைக்கல."

வீட்டில் மனைவி நசீம் பானு, "காரு தயாராயிருச்சாங்க?" என்று கேட்டாள். ஜெகபர் அலி ஏழாவது முறையாகக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை நடந்தே வரட்டும்" என்றார். "நான் அந்த மட்கார்ட ஆத்தூர்ல பொதைச்சுட்டு வாரேன்."